அடுப்பை அணைத்த அன்பு

ஆண்டுதோறும் ஏப்ரல் திங்கள் 4, 5ஆம் நாட்களையொட்டி, நம் ரப்பர்த் தோட்டங்களை அடுத்த குன்றுகளிலே சீனர் குடும்பங் குடும்பமாகத் திரள்வதைக் காண்கிறோம். கல்லறைமீது படர்ந்த புல்லைச் செதுக்கி, கல்லில் வெட்டிய எழுத்துக்களுக்குப் புதுச் சாயம் தீட்டி, சோறும் கனியும் தேநீரும் படைத்து வணங்கி மீள்கின்றனர். இந்நாட்டு ஹொக்கியன் சீனர் ‘செங் பெங்’ என வழங்கும் இந்நாளே சீன தேசத்தின் ‘சிங்மிங்’ என்னும் இளவேனில் விழாவாகும். ஆங்கிலப் பள்ளியிற் பயின்று, தோட்டத்துக் கிராணியாய்க் கணக்கெழுதிப் பிழைக்கும் நாம், எட்டாம் ஹென்றியின் மனைவியர் அறுவர் பெயரையும் ஒப்பிக்கக் கற்றோம்; அடுத்த குன்றிலே கூடுவோர் எதன்பொருட்டுக் கூடுகின்றனர் என்பதை நமக்குக் கற்பிப்பார் ஒருவரும் இலர்.

பின்னாளில் இவ்விழாவின் வரலாற்றைத் தேடிப் படித்தபொழுது, ஒரு சாராரோடு வழக்காட வேண்டியவரானோம். “முன்னோர் வகுத்ததில் ஓர் இழையையும் மாற்றலாகாது, மாற்றக் கருதுவோர் முன்னோரை இகழ்வோரே” என்பது அன்னார் கூற்று. “சீனரைப் பாருங்கள்! தொன்றுதொட்டு வந்ததை அவர்கள் தொட்டுக் கெடுத்ததுண்டா?” என்றும் வினவுகின்றனர். அன்பர்காள்! சீனருடைய வரலாறே இக்கூற்றை மறுக்கின்றது.

சிங்மிங் தொடக்கத்தில் விழாவே அன்று. ஆண்டை 24 பருவக் கூறுகளாகப் பகுத்த சீனர், வேனிற் சமநாளுக்கு ஏறத்தாழ 15 நாள் பின்னர் வரும் கூறுக்கு இட்ட பெயரே அது. ‘தெளிவும் ஒளியும்’ என்பது பொருள். அதனை ஒட்டி முன்னே வந்தது ‘ஹான்ஷி’ என்னும் தண்ணுணவு விழா. அன்று எவர் வீட்டிலும் அடுப்பு மூட்டலாகாது. முன்னரே சமைத்து ஆறியதையே உண்ண வேண்டும்.

இதற்குச் சொல்லப்படும் கதை யாது? ஜின் நாட்டு இளவரசன் ஒருவன் நாடு கடந்து அலைந்தபொழுது, ஜியே ஸிதுய் என்பான் தன் தொடைத் தசையை அரிந்து அவன் பசி தீர்த்தானாம். கி.மு. 636இல் அரியணை ஏறி வென் கோமகனான இளவரசன் அவனை மறந்தான். ஜியே தன் தாயோடு மலையில் மறைந்தான். அவனை வெளிக்கொணர மலைக்குத் தீயிட, அவன் ஒரு மரத்தைத் தழுவியபடியே வெந்து மாண்டானாம். ஆனால், பழைய வரலாற்று நூலாகிய ஸோ ஜுவானில் தொடைத் தசையும் இல்லை, தீயும் இல்லை. அவன் மறைந்து வாழ்ந்து இறந்தான் என்பதும், கோமகன் தேடிக் காணாது தன் பிழைக்கு அடையாளமாக ஒரு நிலத்தை அவன் பெயரால் ஒதுக்கினான் என்பதுமே அங்குள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டில் மறைந்த ஸீமா சியெனின் பெருவரலாற்றிலும் தீயைக் காணோம்.

கதை கதையாகவே நின்றிருப்பின் நமக்கு வழக்கில்லை. அந்தோ! அக்கதையின் பெயரால் உயிர்கள் மாண்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டிலே, வட சீனத்துத் தாய்யுவான் வட்டாரத்தார் நடுக்குளிர் காலத்தில் ஒரு திங்கள் முழுதும் அடுப்பை அணைத்து வைத்தனர். புகை எழுந்தால் ஜியேயின் ஆவி சினக்கும் என்று அஞ்சினர். முதியோரும் குழந்தைகளும் தாங்காது ஆண்டுதோறும் பலர் இறந்தனர் என்று ஹான் வரலாறு கூறுகின்றது.

அங்கு ஆட்சியாளனாய் வந்த சௌ ஜு செய்ததைக் கேண்மின்! அவன் கோயிலை இடித்தானில்லை; ஜியேயை ஏசினானில்லை. ஓர் ஓலை எழுதி, அக்கோயிலிலேயே வைத்தான். கடுங்குளிரில் நெருப்பை விலக்கி மக்கள் உயிரைக் கெடுப்பது அச்சான்றோனின் கருத்தாகாது என்பதே அதன் சாரம். பின்னர் மக்களுக்கு அதனை எடுத்துரைத்து, சூடான உணவுக்குத் திரும்பச் செய்தான். மயக்கம் சற்றே தெளிந்தது. வழக்கமும் ஓரளவு மாறிற்று.

கி.பி. 220இல் இறந்த ட்ஸாவ் ட்ஸாவ் இன்னும் கடுமையாய்த் தடை விதித்தான். ஆற்றில் எறியப்பட்ட வூ ஸிஷுவுக்காக வூ நாட்டார் தண்ணீரை விலக்கினரா? ஜியேக்கு மட்டும் நெருப்பை விலக்குவானேன்? இவ்வாறு வினவி, மீறும் குடும்பத் தலைவனுக்கு அரையாண்டுத் தண்டனையும், தடுக்கத் தவறும் ஊரதிகாரிக்கு ஒரு திங்கள் ஊதிய இழப்பும் விதித்தான். எனினும் வழக்கம் மாயவில்லை. 4ஆம் நூற்றாண்டில் ஷி லெ என்னும் வேந்தன் இதனைத் தடுத்தபின் ஆலங்கட்டி மழை பொழிய, ஜியேயின் சினமே அது என்றார் ஓர் அமைச்சர், தடையும் தளர்ந்தது. தண்டனையால் வளைவது முதுகு மட்டுமே. மனம் தெளிய வேண்டுமாயின் சௌ ஜுவின் வழியே வழி.

இனி, மாற்றமே கூடாதென்போர் மற்றொன்றையும் கேட்பாராக. தண்ணுணவு நாளிலே கல்லறைக்குச் செல்வது பழைய சடங்கு நூல்களில் இல்லை. மக்களே அதனைக் கைக்கொண்டனர். தாங் மரபின் ஷுவான் ஸோங் பேரரசர் 732இல், நூலில் இல்லையாயினும் மக்களிடை வேரூன்றியது என்று கூறி அதனைச் சடங்காக ஏற்றார். அன்று ‘ஓர் இழையும் மாறலாகாது’ என்போர் வென்றிருப்பின், இன்று இந்தக் கல்லறை வணக்கமே சடங்கு வரிசையில் ஏறியிராது! நாளடைவில் தண்ணுணவு தேய்ந்தது. கல்லறைக் கடன் சிங்மிங்கோடு ஒன்றி நிலைபெற்றது. சீன அரசு 2008 முதல் அந்நாளைப் பொது விடுமுறையாகவும் ஆக்கியுள்ளது.

இக்காலத்தும் சிக்கல் ஒழிந்ததில்லை. கல்லறைமுன் எரிக்கும் தாளிலிருந்து பொறி பறந்து காட்டுத்தீ மூள்வதுண்டு. ஆகவே, சீனத்தில் பல ஊர்களில் தாளுக்கு மாறாக மலர் வைக்குமாறு அதிகாரிகள் வேண்டுகின்றனர். “தாள் எரியாவிடின் முன்னோர்க்கு இழுக்கு” என்று மறுப்பாரும் உளர். என்னே விந்தை! தீ மூட்டுவதே குற்றம் என்றது ஒரு காலம்; தீ மூட்டாமையே குற்றம் என்கிறது மற்றொரு காலம். இரண்டும் முன்னோர் பெயராலேயே!

விழாவை ஒழிக்க நாம் கூறவில்லை. புல்லைச் செதுக்கும் அக்கையிலே, பெற்றோரைப் பேணிய அன்பு இருக்கின்றது. அதனைக் குறைகூற நமக்கு நா எழாது. ஆயின், இறந்தோர்பால் வைத்த அன்பு, வீட்டிலுள்ள கிழவியையும் மழலையையும் குளிரில் வாட்டுமாயின், அவ்வன்பு யாருக்காக? வாசகர்கள் தத்தம் இல்லத்து வழக்கங்களையும் சௌ ஜுவின் ஓலையாகிய இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்பாராக. தேறுவன நிற்கட்டும், உயிரை வருத்துவன இன்றே நீங்கட்டும்.