தொடாதே என்னும் அதிகாரம்

எழுதி வைக்கப்படாத சட்டங்களே மிகவும் கண்டிப்பாக அமலாகின்றன என்பதற்கு நம்முடைய சமையலறைகளைக் காட்டிலும் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. வேலைக்கு வரும் பெண் மிக்ஸியை ஓட்டக்கூடாது. மாமியாரைக் கேளாமல் மருமகள் கிரைண்டரைப் போடக்கூடாது. மாதவிலக்கான பெண் ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடாது. வயதான தகப்பனார் மைக்ரோவேவ் அடுப்பின் பொத்தானை அழுத்தக்கூடாது. ஆண்பிள்ளை அடுப்பங்கரைப் பக்கமே வரக்கூடாது என்று வீட்டுக்கு வீடு வகுக்கப்பட்டிருக்கும் இந்த விதிகளை எந்தச் சட்டசபையும் விவாதித்ததில்லை. ஆயினும் இவற்றை மீறுவோர் சொற்பம். மீறினால் என்ன பேச்சுக் கேட்க வேண்டிவரும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம்.

இவ்விதிகள் யாவும் அநியாயம் என்று ஒரே மூச்சில் தள்ளிவிடுவதற்கில்லை. சமையலறையிலுள்ள யந்திரங்கள் உபகாரிகளாக இருப்பதைப் போலவே அபாயகரமானவையும்கூட. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானதாகையால், கசிந்தால் மேலெழுந்து கலைந்துபோகாமல் தரையோடு தரையாகத் தங்கி நிற்கும். இயல்பில் அதற்கு வாடையே இல்லை. கசிவை மூக்கு கண்டுகொள்ள வேண்டுமென்றே மெர்காப்டன் என்ற துர்நாற்றப் பொருளைச் சிறிது கலந்து அனுப்புகிறார்கள். அந்த வாடை வீசும்போது மின்விளக்கின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னல் கதவுகளைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இவ்வளவையும் அறியாத ஒரு சிறு பிள்ளையை அடுப்பின் அருகே தனியே விடலாகாது என்று தாய் சொன்னால், அதில் அதிகாரம் இல்லை, அக்கறைதான் இருக்கிறது.

குக்கரின் சங்கதியும் இதுவே. உள்ளே ஆவியின் அழுத்தம் ஏறுவதால், தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடாமல் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது. பருப்புச் சீக்கிரம் வேகும் ரகசியம் இதில்தான் இருக்கிறது. ஆவி அடங்குமுன் மூடியை வலிந்து திறப்பவர் முகத்தில் கொதிநீர் சீறியடிப்பதற்கும் இதுவே ஹேது. 17-ஆம் நூற்றாண்டில் இத்தகைய ஆவிப் பாத்திரத்தை முதன்முதல் அமைத்த டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அது வெடித்துவிடுமோ என்ற பயத்துக்குப் பரிகாரமாக, அழுத்தம் மிஞ்சினால் ஆவி தானே வெளியேறும்படி ஒரு வால்வையும் அதில் பொருத்தினார். யந்திரங்களைச் செய்கிறவர்கள் அன்று முதல் இன்று வரை இந்த மார்க்கத்திலேயே போகிறார்கள். பளு மிகுந்தால் மிக்ஸி தானே நின்றுவிடுகிறது. அடியிலுள்ள சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடுகிறது. உபயோகிப்பவர் தவறுவார் என்று எதிர்பார்த்து, அத்தவறு அவருக்குத் தீங்காக முடியாதபடி வழி செய்கிறார்கள். வீட்டில் அதிகாரம் செலுத்துகிறவர்களோ இந்தச் சிரமத்தையெல்லாம் மேற்கொள்வதில்லை. ‘தொடாதே’ என்ற ஒரே சொல்லோடு தங்கள் கடமை தீர்ந்துவிட்டதாக நினைக்கிறார்கள்.

ஆகவே, நியாயமான தடையையும் அநியாயமான தடையையும் பிரித்தறிய ஓர் உரைகல் வேண்டும். என் அபிப்பிராயத்தில் அது மிகவும் எளியது: தடுப்பவருக்குக் கற்றுக்கொடுக்கும் கடமையும் உண்டு. இன்னின்னதைக் கற்றுக்கொண்டால் இந்தத் தடை நீங்கும் என்று சொல்லக்கூடியதாயின் அது பாதுகாப்பு. எவ்வளவு கற்றாலும் நீங்காததாயின், அது யந்திரத்தை உத்தேசித்து விதிக்கப்பட்டதன்று, ஆளை உத்தேசித்து விதிக்கப்பட்டது.

இந்த உரைகல்லில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு விதிக்கும் தடையை உரைத்துப் பார்ப்போம். மிக்ஸி ஜாரை அவள்தான் கழுவுகிறாள். கூரிய பிளேடு கையைக் கிழிக்கக்கூடிய தருணம் அரைக்கும் தருணமன்று, கழுவும் தருணமே. பிளேடைத் தொடலாம், சுவிட்சைத் தொடலாகாது என்ற விதியில் பாதுகாப்பு எங்கே இருக்கிறது? அவள் பழக்கமில்லாதவள் என்பதும் பொருந்தாது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்கீழ்க் கிடைத்த விலையில்லா மிக்ஸியிலும் கிரைண்டரிலும் தன் வீட்டில் வருஷக்கணக்காக அரைத்துக் கைதேர்ந்தவளாகவே அவள் இருக்கக்கூடும். சாமான் கெட்டுவிடும் என்பது வாய் சொல்லும் காரணம். இன்னார் கைபட்ட சட்னி நமக்கு ஆகாது என்பதே பல வீடுகளில் மனம் சொல்லும் காரணம். தீண்டாமையை அரசியல் சட்டத்தின் 17-ஆம் விதி ஒழித்து எத்தனையோ வருஷங்களாகியும், அது வாசற்படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறது.

மருமகளின் கதை வேறு விதம். இங்கே தடை விதிப்பவர் பல வேளைகளில் சமைக்கவே போகாதவராக இருக்கிறார். 2021-இல் வெளிவந்து, பின்பு தமிழிலும் எடுக்கப்பட்ட ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ என்ற மலையாளப் படத்தில், மிக்ஸியில் அரைத்த சட்னியும் குக்கரில் வெந்த சோறும் ஆகாதென்று மாமனார் சாந்தமாக, குரலை உயர்த்தாமலே சொல்லுகிற காட்சிகளைக் கண்டு எத்தனையோ பெண்கள் தங்கள் வீட்டையே பார்த்ததாகச் சொன்னார்கள். அம்மியில் அரைத்ததற்கு ருசி அதிகம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், அந்த ருசியை விரும்புகிறவர் தாமே அம்மியின் முன் உட்காரட்டும். தம் நாவின் சுகத்துக்காகப் பிறர் தோளை நோகச் செய்வதற்குச் சம்பிரதாயம் என்று பெயர் சூட்டலாகாது. மாதவிலக்கின்போது ஃப்ரிட்ஜைத் திறக்கலாகாது என்ற விதிக்கும் நீண்ட விவாதம் வேண்டியதில்லை. விலக்கானவள் தொட்டால் உள்ளேயிருக்கும் ஊறுகாய் கெட்டுவிடும் என்பார்கள். ஊறுகாய் கெடுவது ஈரக் கரண்டியினால். கரண்டியைத் துடைத்துப் போட்டால், யார் எடுத்தாலும் அது கெடாது.

இனி, யாரும் தடை என்றே எண்ணாத ஒரு தடையைக் கவனிக்க வேண்டும். ‘அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன் கை வைத்தால் உள்ளதும் கெட்டுப்போகும்’ என்று பெருமையும் வாத்ஸல்யமும் கலந்த குரலில் மகனைச் சமையலறையிலிருந்து விலக்கி வைக்கிறார்களே, அதுவும் ஒரு விலக்குதான். ஆனால் விலக்கப்பட்டவனுக்கு லாபமாக முடியும் விலக்கு. மத்திய அரசு 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிஷம். அதுவும், அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பல லட்சம் ரூபாய் விலையுள்ள யந்திரங்களைத் தொழிற்சாலையில் இயக்கத் தெரிந்தவனுக்கு, வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் மட்டும் புரியாத புதிராகிவிடுவது அறிவின் குறையால் அன்று. அறியாமையைப் போல் சௌகரியமான ஆசனம் வேறில்லை என்று கண்டுகொண்டதால்தான்.

முதியோர் விஷயத்தில் தடை அன்பின் உருவில் வருகிறது. விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும் ஒரு குடும்பத்தையே வளர்த்து ஆளாக்கிய தாய், மகன் வீட்டுக்கு வந்தபின் தனக்கொரு காபி போட்டுக்கொள்ளவும் பிறர் வரும்வரை காத்திருக்கிறாள். மறதி நோய் முற்றியவர்களின் நிலை வேறு. அங்கே எரிவாயுவை மூடி வைப்பது அவசியமே. மற்றவர்களுக்கோ, தடையைவிட நல்ல உபாயங்கள் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்பில் தீக்கொழுந்தில்லை. தகுந்த பாத்திரம் வைத்தால்தான் அது சூடேறும். குறித்த நேரத்தில் தானே அணையும்படியும் வைக்கலாம். அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் பொத்தான்களின் அருகே தமிழில் எழுதி ஒட்ட ஒரு துண்டுக் காகிதமும், பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க நாலு நாள் மாலைப்பொழுதும் போதும். அந்த அவகாசத்தை ஒதுக்க மனமில்லாததே பல வீடுகளில் தடையின் மூலகாரணம்.

பணம் போட்டு வாங்கியவருக்குத் தம் பொருளை யார் தொடலாமென்று தீர்மானிக்கும் பாத்தியதை இல்லையா என்ற ஆட்சேபம் எழலாம். உண்டு, அலமாரியில் பூட்டி வைக்கும் நகைக்கு அது பூரணமாகப் பொருந்தும். ஆனால், ஒருவரிடம் வேலையை ஒப்படைத்துவிட்டு, அவ்வேலையை இலகுவாக்கும் உபகரணத்தை மட்டும் தம் வசம் வைத்துக்கொள்வது உடைமையின் உரிமையைக் கடந்து, பிறர் உழைப்பின்மீது செலுத்தும் அதிகாரமாகிவிடுகிறது. யந்திரம் என்று இருந்தால் ஒரு நாள் ரிப்பேராகத்தான் செய்யும். எஜமானி ஓட்டும்போது எரிந்த மோட்டாருக்கு ஆகும் செலவு வீட்டுச் செலவு என்றால், வேலை செய்பவள் ஓட்டும்போது எரிந்ததும் வீட்டுச் செலவே. அவள் சம்பளத்தில் பிடிக்கத்தக்க அபராதமன்று.

ஒவ்வொரு குடும்பமும் தன் சமையலறையில் வழங்கும் தடைகளை ஒருமுறை வரிசையாக நினைத்துப் பார்ப்பது நலம். சிறு பிள்ளைக்கு விதித்த தடைக்கு, எந்த வயதில் எதைக் கற்றுக்கொடுப்பது என்ற தீர்மானமும் உடன் இருக்கட்டும். அந்தப் பாடம் மகளுக்கு நடக்கும் அன்றே மகனுக்கும் நடக்கட்டும். மற்றத் தடைகளுக்கு ஒரே நிபந்தனை போதும்: யாருக்குத் தடை விதிக்கிறோமோ, அவர் முகத்துக்கு நேரே அதன் மெய்யான காரணத்தைச் சொல்ல நம்மால் இயல வேண்டும். அவ்விதம் சொல்ல நாக்குக் கூசுமானால், அந்தத் தடையை இன்றே நீக்கிவிடுவது உத்தமம்.