வடிகட்டியும் வயிற்றுப்பாடும்



தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு டீசல் வடிகட்டியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வியக்கக்கூடும். ஜெஞ்சாரோமில் வாழ்பவருக்கு இது அயலான பொருளன்று. பந்திங்கிற்கும் கிள்ளானுக்கும் இடையிலான சாலையில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகளும், துறைமுகத்திற்குச் செல்லும் கொள்கலன் லோரிகளும் ஓயாமல் ஓடுகின்றன. நம் மாணவர் சிலரின் வீட்டு அடுப்பு இந்தச் சக்கரங்களை நம்பியே எரிகிறது. சொந்த லோரி வைத்திருக்கும் ஒரு தந்தைக்கு வண்டி ஒரு வாரம் பட்டறையில் நின்றால், அந்த மாத வரவு செலவே தலைகீழாகிவிடும்.

கூடுதலாக ஒரு வடிகட்டியைப் பொருத்தினால் இன்ஜெக்டரின் ஆயுள் கூடுமா என்பது லோரி வைத்திருப்போர் அடிக்கடி எழுப்பும் வினா. கூடும் என்பதே என் கருத்து. ஆனால், எந்த வடிகட்டி, எந்த இடத்தில், எத்தகைய பராமரிப்புடன் என்ற மூன்றும் சரியாக அமைந்தால் மட்டுமே கூடும்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். 1927-இல் பொஷ் நிறுவனம் டீசல் பம்புகளைப் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கியது. அந்த மரபில் வந்த பழைய இயந்திரங்கள் ஓரளவு அழுக்கைப் பொறுத்துக்கொண்டன. 1995-இல் டென்சோ நிறுவனம் லோரிகளுக்கான 'காமன் ரெயில்' முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று இம்முறையில் டீசலின் அழுத்தம் 2,000 பாரையும் தாண்டுகிறது. லோரிச் சக்கரத்தின் காற்றழுத்தம் ஏறத்தாழ 8 பார்தான் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இன்ஜெக்டரின் உள்ளே நகரும் பாகங்களுக்கு இடையிலான இடைவெளியோ சில மைக்ரோன் மட்டுமே. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோன். கண்ணுக்குத் தெரியாத மணல் துகள், அந்த அழுத்தத்தில் உப்புத்தாளைப் போல் எஃகைத் தேய்க்கிறது. தேய்ந்த இன்ஜெக்டர் டீசலைப் பனிபோல் தூவாமல் சொட்டவிடும். எண்ணெய்ச் செலவு ஏறும், கரும்புகை வரும், முற்றினால் பிஸ்டனே உருகிப்போகும்.

தூசியைப் போலவே நீரும் பகைதான். நம் நாட்டின் ஈரக்காற்றில், பாதி காலியான தொட்டியில் இரவு நேரத்தில் நீர் படிகிறது. டீசலைவிடக் கனமான அந்நீர் அடியில் தங்கித் துருவை உண்டாக்குகிறது. நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய பாசிபோல் படர்வதும் உண்டு.

செம்பனை டீசலையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மலேசியாவில் 2011-இல் 5 விழுக்காடாகத் தொடங்கிய கலப்பு, 2014-இல் 7, 2019-இல் 10 விழுக்காடு என உயர்ந்தது. இதை வீணாகப் பழிப்பவர்களோடு நான் உடன்படவில்லை. கந்தகம் குறைந்த யூரோ 5 டீசலில் குறையும் வழுவழுப்பைச் செம்பனை டீசல் ஈடுசெய்கிறது. எனினும், அது ஈரத்தை அதிகம் ஈர்க்கும். பழைய தொட்டியில் ஒட்டியிருக்கும் கசடையும் கரைத்துக் கிளப்பிவிடும். அப்போது வடிகட்டி விரைவில் அடைத்துக்கொண்டால், அது தன் கடமையைச் செய்கிறது என்றே பொருள்.

ஆகவே, நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைத் தொட்டிக்கும் பம்புக்கும் இடையில் பொருத்துவதே முதற்பணி. அது 10 முதல் 30 மைக்ரோன் வரையிலானதாக இருந்தால் போதும். அந்த இடத்தில் மிக நுண்ணிய வடிகட்டியை வைத்தால் பம்பு இழுக்க முடியாமல் திணறும். நுண்ணிய வடிகட்டிக்கு உரிய இடம் அதற்கு அடுத்த கட்டம். பெட்டியின்மேல் '5 மைக்ரோன்' என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்த அளவுத் துகளில் பாதியைப் பிடிப்பதும் 5 மைக்ரோன்தான். 200-இல் 199-ஐப் பிடிப்பதும் 5 மைக்ரோன்தான். ஐஎஸ்ஓ 19438 சோதனையில் கிடைத்த பீட்டா எண்ணைக் கேளுங்கள். பீட்டா 200 என்றால் 99.5 விழுக்காடு பிடிக்கும் என்று பொருள். வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், பொருத்துவதற்கு முன் முகவரிடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள்.

தொழிற்சாலை வைத்த வடிகட்டியே போதும் என்பாரும் உளர். தூய டீசலை நிரப்பி, உரிய காலத்தில் வடிகட்டியை மாற்றினால் அவர்கள் சொல்வது பெரிதும் சரியே. ஆனால், தோட்டத்து டிரம்மிலிருந்து கைப்பம்பால் நிரப்பும் வண்டிக்கு அது பொருந்தாது. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. இத்தகைய காலங்களில்தான் ஊர் பேர் தெரியாத மலிவு டீசலின்மீது ஆசை எழும். வடிகட்டி மாற்றுவதையும் தள்ளிப்போடத் தோன்றும். சில நூறு ரிங்கிட்டை மிச்சம் பிடிக்கப்போய், இன்ஜெக்டர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொட்டிக் கொடுப்பது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்வதாகும்.

பட்டறைகளில் காணும் ஒரு பழக்கத்தை மட்டும் வன்மையாக மறுக்கிறேன். புதிய வடிகட்டியில் திறந்த வாளியிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பிப் பூட்டுகிறார்கள். நடுத்துளை வழியே ஊற்றப்படும் டீசல், வடிகட்டப்படாமலேயே இன்ஜெக்டரை நோக்கிச் செல்கிறது. எத்தனை வடிகட்டிகள் இருந்தும் என்ன பயன்? கைப்பம்பை அழுத்தி நிரப்புவதே முறை. அதுபோல, நீர் பிரிப்பானின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பதற்குக் காசு வேண்டாம். இரண்டு நிமிடம் போதும்.

பள்ளிக்கும் இதில் பங்குண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையைப் புற்றுநோயை உண்டாக்குவனவற்றின் முதற்பிரிவில் சேர்த்தது. பள்ளி வாசலில் இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருக்கும் பேருந்தின் கரும்புகையை நம் பிள்ளைகளே சுவாசிக்கின்றனர். பேருந்து ஓட்டுநரிடம் இன்ஜெக்டரைச் சோதிக்கும்படி கேட்கப் பெற்றோர் தயங்கவேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கண்ணாடிக் குவளையில் எண்ணெயும் நீரும் பிரிவதைக் காட்டும்போது, லோரியின் நீர் பிரிப்பானையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் லோரி ஓட்டும் தந்தை ஒருவரையே வகுப்பிற்கு அழைத்து விளக்கச் செய்யுங்கள். தம் தந்தையின் கைகளில் படிந்திருக்கும் எண்ணெய்க் கறைக்குப் பின்னால் ஓர் அறிவியல் இருப்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.