பீரோ சாவி யாரிடம் இருக்க வேண்டும்?



இந்த டீச்சர் நல்லா நடத்துவாங்க, அந்த சார் நடத்த மாட்டாங்க என்று நாம் பேசிக்கொள்கிறோம். என் கருத்து வேறு. ஒரே டீச்சர் ஒரு பெரிய சாரிடம் ஒரு மாதிரியும், அடுத்து வந்த பெரிய சாரிடம் வேறு மாதிரியும் வேலை செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அறிவியல் பீரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் சாவி ஆபீஸ் ரூமில்தான் இருக்கும். ஒரு லிட்மஸ் தாள் வேண்டுமென்றாலும் டீச்சர் போய்க் கேட்டு, நோட்டில் கையெழுத்துப் போடணும். உடைஞ்சா யார் பணம் கட்டுறது என்ற கேள்வி வேறு. அதனால் ஒரு சாமானும் உடையல. எதையும் நாங்க தொடவும் இல்ல. லிட்மஸ் தாள் எங்களுக்குக் கரும்பலகையில்தான் நிறம் மாறியது, கலர் சாக்பீஸில்!

இப்போது சாவி டீச்சரிடமே இருக்கிறது. பீரோவில் இல்லாததை அவங்களே வீட்டிலிருந்து கொண்டு வர்றாங்க. மஞ்சள் தடவின தாள் சோப்புத் தண்ணியில் சிவப்பாகி, எலுமிச்சைச் சாறு பட்டதும் திரும்ப மஞ்சளாச்சு. அன்னிக்கு நாலேகால் பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ஸுக்குத்தான் டீச்சர் போனாங்க. இருங்கன்னு யாரும் சொல்லல.

நம்பினால் ஏமாற்றுவார்கள் என்று சிலர் சொல்லலாம். ஏமாற்றுகிறவர்கள் இருக்கலாம். ஆனால் பதிவேட்டில் கையெழுத்து சரியாக இருந்தால் பாடம் நடந்தது என்று அர்த்தமா? நாமளும் லீடர் பலகையில் பேர் எழுதும்போது மட்டும்தானே வாயை மூடுறோம்!

நம்புவது என்றால் கண்டுகொள்ளாமல் விடுவதும் இல்லை. இப்போதுள்ள பெரிய சார் கடைசி பெஞ்சில் எங்களோடு உட்கார்ந்து பாடம் கேட்பார். தப்பு இருந்தாலும் எங்க முன்னாடி சொல்ல மாட்டார். அப்புறம் வேப்பமரத்தடியில் டீச்சரும் அவரும் பேசிக்கிட்டு இருப்பாங்க. (ஒட்டுக்கேட்க முடியல!)

இன்னொன்று. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேலைக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் எமிஸில் விவரம் ஏற்றுவது பள்ளி வேலையாச்சே! செல்லில் சிக்னல் தேடி டீச்சர் வராண்டாவில் நிற்கும் நேரம் எங்கள் கணக்கு பீரியடு. அதில் பாதியைப் பெரிய சார் தானே சாயங்காலம் உட்கார்ந்து முடிக்கிறார். தனக்காக ஒருத்தர் நிக்கிறார்னு தெரிஞ்சா யாருக்குத்தான் வேலை செய்ய மனசு வராது?

என் பயம் இதுதான். கலந்தாய்வில் அவருக்கு மாறுதல் வந்துவிட்டால்? சாவி மறுபடி ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுமா? ஒருத்தர் நல்ல குணத்தை மட்டும் நம்பி ஒரு பள்ளிக்கூடம் இருக்கக் கூடாது. அதே சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கூட்டத்தில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டு வருவதற்கா அந்தக் குழு? யார் பெரிய சாராக வந்தாலும் பீரோ சாவி பாடம் நடத்துகிறவரிடமே இருக்கும் என்று அவர்கள் ஒரு தீர்மானம் எழுதலாமே.

எங்க அம்மா அந்தக் குழுவில் இருக்காங்க. அடுத்த கூட்டத்தில் கேட்கச் சொல்லியிருக்கேன். உங்க வீட்டில் யாராவது இருந்தால் நீங்களும் சொல்லுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி