மட்டை எங்களோடது, பெட்டி யாரோடது?

"ஏற்றுமதி பண்ணுங்க சித்தப்பா, டாலர்ல காசு கொட்டும்." சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் எங்க பங்காளி பையன் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் எனக்கு எடுக்கும் பாடம் இது. அவனுக்கும், அவன் மாதிரியே நினைக்கிற நகரத்து நண்பர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

எங்களுக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம் தென்னந்தோப்பு. காய் உரித்த பிறகு மிஞ்சும் மட்டையை நார் மில்லுக்காரர் வண்டி அனுப்பி எடுத்துக்கொள்வார். நாரை அதிகம் வாங்குவது சீனா. நார்த்தூள் கட்டியாகி அமெரிக்கா, ஐரோப்பா வரைக்கும் போகும். நீங்க மாடித் தோட்டத்துக்கு வாங்குற கோகோ பீட் அதுதாங்க. ஆக, எங்க மட்டை எப்பவோ கப்பல் ஏறிடுச்சு.

2021-ல் அந்த வண்டி வரவில்லை. மட்டை குவிந்து கிடந்தது. கேட்டதற்கு, "ஆர்டர் இருக்குதுங்க, கன்டெய்னர்தான் கிடைக்கலீங்க" என்றார்.

ஏன் கிடைக்கலை? கொரோனாவில் வீட்டுக்குள் அடைபட்ட அமெரிக்கர்கள் மேசை, டிவி என்று வாங்கித் தள்ளினார்கள். பெரும்பாலும் சீனத் தொழிற்சாலைச் சரக்கு. 40 அடிப் பெட்டிக்கு ட்ரூரி நிறுவனம் கணக்கிடும் உலகச் சராசரி வாடகை 2019-ல் 1,420 டாலர். 2021 செப்டம்பரில் 10,377 டாலர். அந்த வாடகையை டிவி தாங்கும். ஒரு பெட்டி நார்த்தூளின் மொத்த விலையே சில ஆயிரம் டாலர்தான், அது எப்படித் தாங்கும்? எங்க சரக்குக்காகக் காத்திருப்பதைவிட காலிப் பெட்டியைச் சீனாவுக்குத் திருப்பினால்தான் கப்பல்காரனுக்கு லாபம். திருப்பினான்.

இது முதல் தடவையும் இல்லை. 2008-ல் சீன எஃகு ஆலைகள் இரும்புத் தாதுவை அள்ளியபோது, மொத்தச் சரக்குக் கப்பல் வாடகையைக் காட்டும் பால்டிக் குறியீடு மே மாதம் 11,793-க்கு ஏறியது. உலகமே நெருக்கடியில் சிக்க, டிசம்பரில் 663-க்கு விழுந்தது. தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க வருஷக்கணக்காகும். கப்பலும் அப்படித்தான், ஆர்டர் கொடுத்து வந்து சேர இரண்டு மூன்று வருஷம். அதற்குள் தேவை ஏறினால் வாடகை எகிறும், இறங்கினால் மடியும்.

இதற்குச் சீனாவைத் திட்டி என்ன பிரயோசனம்? உலகத்துக் கன்டெய்னர்களில் 95 சதவீதத்துக்கு மேல் அவர்கள் செய்வது. உலகக் கப்பல் கட்டுமானத்தில் பாதிக்கு மேல் அவர்களுடையது. நம்ம பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. சரக்கு, பெட்டி, கப்பல் மூன்றையும் சேர்த்தே அவர்கள் வளர்த்தார்கள். நாம் என்ன செய்தோம்? பெட்டிப் பஞ்சம் பிடித்திருந்த அதே 2020 டிசம்பரில், 1961-ல் தொடங்கிய இந்தியக் கப்பல் கழகத்தை விற்க விருப்ப மனு கேட்டோம். மழை பெய்யும்போது குடையை விற்கக் கிளம்பின கதை!

அந்தக் கழகம் இருப்பதால் மட்டும் உலக வாடகை குறையாது, ஒத்துக்கறேன். ஆனால் "நம்ம ஊர்ச் சரக்குக்கு நாலு பெட்டி ஒதுக்குய்யா" என்று அதட்டிக் கேட்க நமக்கு வேறு யார் இருக்கிறார்கள்? 1906-லேயே தூத்துக்குடியில் சொந்தக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி.க்கு இது புரிந்திருந்தது. வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்தே அவரை நசுக்கப் பார்த்தான். இன்று துறைமுகத்துக்கு அவர் பேர் வைத்திருக்கிறோம். அங்கே வந்து போகும் கப்பல் யாருடையது?

2025 செப்டம்பரில் கப்பல் கட்ட 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது. நல்லதுதான். அதில் எத்தனை கப்பல் தண்ணீரில் இறங்குது, அதில் விவசாயி சரக்குக்கு எவ்வளவு இடம் என்று கேட்க வேண்டியது நகரத்தில் இருக்கிற நீங்களும்தான்.

அதனால தம்பி, அடுத்த பொங்கலுக்கு வரும்போது "ஏற்றுமதி பண்ணுங்க"ன்னு சொல்லாதே. "எந்தக் கப்பல்ல?"ன்னு கேட்டுட்டு வா.