பேச ஆள் இருக்கு, நடக்க வழி இல்லை

வெளிநாட்டில் நம்ம ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு கிரிக்கெட், விசா, வீட்டு வாடகை என்று எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "ஊர்ல அப்பா அம்மா எப்படி இருக்காங்க?" பதிலும் ஏறக்குறைய எல்லோரிடமும் ஒன்றுதான். "இருக்காங்க. கூப்பிட்டா வரமாட்டேங்கறாங்க. வந்தாலும் ரெண்டு மாசத்துக்கு மேல இருக்க மாட்டேங்கறாங்க."

ஏன் இருக்க மாட்டேன் என்கிறார்கள்? பிடிவாதம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் சிங்கப்பூரில் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். சொந்த ஊர் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ், சர்க்கார் ஆபீஸில் மட்டும் மலையாளம் என்று வளர்ந்த கூட்டம். வீட்டுக்காரி வழி மூணாறு எஸ்டேட். ஆக எல்லையின் இரண்டு முனையிலும் எங்களுக்கு வயசானவர்கள் உண்டு. அவர்கள் இங்கே வந்து இருந்ததையும், அங்கே இருப்பதையும் பார்த்து நான் போட்ட கணக்கு இதுதான்: இங்கே நடக்க வழி இருக்கு, பேச ஆள் இல்லை. அங்கே பேச ஆள் இருக்கு, நடக்க வழி இல்லை.

பேச ஆளை நாம் இறக்குமதி செய்ய முடியாது. நடக்க வழியை ஊரில் போட முடியும். இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

கணக்கு முதலில்

வங்கிக்காரன் புத்தி, நம்பர் இல்லாமல் பேச வராது :-) 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியாவில் அறுபது தாண்டியவர்கள் 8.6 சதவீதம். கேரளத்தில் 12.6. மாநிலங்களிலேயே அதுதான் அதிகம். எட்டில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் வருஷம் பத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிள்ளைகள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் ஒரு கையேடு போட்டது. 33 நகரங்களில் வயசானவர்களிடமே உட்கார்ந்து பேசி எழுதியது. நம் நாட்டிலிருந்து டெல்லியும் உதய்பூரும் அதில் இருந்தன. வெளியிடம், போக்குவரத்து, வீடு, கூடிப்பழகுதல், மரியாதை, வேலையும் ஊர்ப் பொறுப்பும், தகவல், மருத்துவம் என்று எட்டுத் தலைப்பு. இந்த எட்டில் ஒன்றில்தான் ஆஸ்பத்திரி வருகிறது. நாமோ முதியோர் நலம் என்றாலே ஆஸ்பத்திரி, இல்லையென்றால் முதியோர் இல்லம் என்று இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். மிச்ச ஏழும் வாசற்படிக்கும் கடைவீதிக்கும் நடுவில் இருக்கிறது.

பாலக்காட்டில் ஒரு நாள்

எழுபத்தைந்து வயது அப்புச்சி ஒருவர் பாலக்காடு டவுனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் படி உயரம். ஏறுவதற்குள் கிளி விசில் அடித்துவிடுகிறார். ஸ்டேடியம் ஸ்டாண்டில் இறங்கி ரோட்டைக் கடக்க வேண்டும். சிக்னல் வைக்கும் இஞ்சினியர்கள் பொதுவாக ஒரு மனிதன் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பான் என்று கணக்குப் போடுவார்கள். பத்து மீட்டர் ரோட்டுக்கு எட்டு விநாடி. நம்ம அப்புச்சி 0.8 மீட்டர்தான் நடப்பார். அவருக்கு பன்னிரண்டரை விநாடி வேண்டும். மிச்ச நாலரை விநாடி அவர் லாரிக்கு முன்னால் நிற்கிறார். சிக்னலே இல்லாத இடத்தில் ஆண்டவன் விட்ட வழி.

இங்கே சிங்கப்பூரில் 2009-லேயே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வயசானவர் தன் சலுகை அட்டையைக் கம்பத்தில் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக எரியும். ரோட்டின் அகலத்தைப் பொறுத்து 13 விநாடி வரை. ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. பழைய அடுக்குமாடிகளில் சில மாடிகளில் மட்டும் நின்றுகொண்டிருந்த லிஃப்ட்டை, 2001 முதல் எல்லா மாடியிலும் நிற்கும்படி மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2012-ல் குளியலறையில் கைப்பிடி போடவும் தரை வழுக்காமல் செய்யவும் மானியம் கொடுத்தார்கள். உடனே சிங்கப்பூர் சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். உணவு அங்காடியில் எழுபது வயசுப் பாட்டி எச்சில் தட்டு எடுப்பதையும் தினம் பார்க்கிறேன். நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் வெயில். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பற்றிக் கதை கதையாகச் சொல்வோம். ஆனால் 2016 ஏப்ரலில் மலம்புழாவில் 41.9 டிகிரி. 2024 ஏப்ரலில் பாலக்காடு ஜில்லாவுக்கு வெப்ப அலை எச்சரிக்கை. இந்த வெயிலில் நிழலில்லாத பஸ் ஸ்டாப்பில் நிற்பது வயசான உடம்புக்கு சின்ன விஷயம் இல்லை. ஒரு புளியமரத்தை வெட்டி ரோட்டை அகலப்படுத்தும்போது யாருடைய வசதியைக் குறைத்து யாருக்குக் கொடுக்கிறோம் என்று யாராவது கணக்கு எழுதினோமா?

கழிப்பறை பற்றி எழுதக் கூச்சமாக இருக்கும். எழுதித்தான் ஆக வேண்டும். டவுனுக்குப் போகும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்பும் அம்மாக்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை, பிரஷருக்கு மாத்திரை, கூடவே தண்ணீர் குடிக்காத விரதம், மேலே 40 டிகிரி வெயில். நம் அனுப்புதல் பணத்தில் இதற்கு மருந்து இல்லை.

கல்பாத்தி அக்ரஹாரம் போன்ற பழைய தெருக்களைப் பார்த்தால், திண்ணை, பத்தடியில் பக்கத்து வீடு, நூறடியில் கோயில் என்று வயசானவர்களுக்காகவே கட்டின மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தெருவிலேயே எல்லோரும் நடக்க முடியாத காலமும் இருந்தது; 1920-களில் ஈழவர்கள் அதற்காகப் போராட வேண்டி வந்தது. அதனால் "அந்தக் காலம் பொற்காலம்" என்று நான் சொல்லமாட்டேன். திண்ணையை எடுத்துக்கொள்வோம், அது எல்லோருக்கும் ஆன திண்ணையாக இருக்கட்டும்.

ராவிலெ என்றால் எப்போது?

எல்லைக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு. மொழி. எங்கள் அத்தை ஒருவர், கல்யாணமாகி வாழ்ந்ததெல்லாம் தாராபுரம் பக்கம். மாமா போன பிறகு மகள் வீட்டோடு வந்துவிட்டார். ஒரு ஆஸ்பத்திரியில் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து "ராவிலெ" என்று சொல்லி அனுப்பினார்கள். மலையாளத்தில் ராவிலெ என்றால் காலையில். தமிழ்க் காதில் அது ராத்திரி. அத்தை ஒழுங்காக ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டு, ஒரு தோசையோடு படுத்துவிட்டார். விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி நினைவு தப்பியது. வீட்டில் ஆள் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். தனியாக இருந்திருந்தால்?

இதில் யாரும் வில்லன் இல்லை. மாத்திரைக் கவரில் ஒரு சூரியன் படம், ஒரு நிலா படம் அச்சடித்திருந்தால் முடிந்துபோகிற விஷயம். 1969-ஆம் வருஷ கேரள ஆட்சிமொழிச் சட்டமே, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் தரவேண்டும் என்று இடம் கொடுத்தது. சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் ஆபீஸ்களுக்கும் அது பொருந்தும். பென்ஷன் மனுவுக்கு இருக்கும் அந்த நியாயம் மாத்திரைக் கவருக்கும் ஓ.பி. கவுண்டர் போர்டுக்கும் ஏன் கூடாது?

மலைமேல்

இடுக்கிப் பக்கம் கதை வேறு. அந்த ஜில்லாவில் ரயில் நிலையமே கிடையாது. எஸ்டேட்டிலிருந்து மூணாறு டவுனுக்கு ஜீப். பெரிய வைத்தியம் என்றால் கோட்டயம், இல்லை கீழே இறங்கித் தேனி. 2023 ஜூனில் போடி வரை மறுபடி ரயில் வந்தது, அது ஒரு நிம்மதி.

ஆனால் அங்கே முதல் கேள்வி நடைபாதை இல்லை, வீடு. தோட்ட வேலை இருக்கும் வரைதான் லயத்தில் இடம். ஓய்வு பெற்றால், மகனோ மகளோ அதே எஸ்டேட்டில் வேலையில் இருந்தால் ஒண்டிக்கொள்ளலாம். இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான். மூன்று தலைமுறைக்கு முன்னால் விட்டு வந்த சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்? 2015 செப்டம்பரில் கூலிக்காகவும் போனஸுக்காகவும் மூணாறு ரோட்டில் உட்கார்ந்த பொம்பிளை ஒருமைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். அன்று நாற்பத்தைந்து வயதில் இருந்தவர்கள் இன்று ஓய்வுக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். அந்த லயங்கள் எப்படிப்பட்டவை என்பதை 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர் போனபோது நாடே பார்த்தது.

2018-ல் குறிஞ்சி பூத்தது. அடுத்து 2030. அதற்காக மூணாறில் இன்னும் ரோடும் பார்க்கிங்கும் வரும். டூரிஸ்டுக்குப் போடும் நடைபாதையும் கழிப்பறையும் ஆஸ்பத்திரிப் பக்கமும் பஸ் ஸ்டாண்டுப் பக்கமும் கொஞ்சம் நீளட்டும் என்று இப்போதே கேட்டால்தான் உண்டு.

ஓ.டி.பி. யார் போனுக்கு?

என் துறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2017 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவாகவே சொன்னது: மூத்த குடிமக்களுக்குத் தனிக் கவுண்டர் அல்லது முன்னுரிமை, எழுபது தாண்டியவர்களுக்குப் பணம் எடுக்க, கட்ட வீட்டுக்கே சேவை. 2021 நவம்பரில் வாழ்நாள் சான்றுக்கு முகத்தைக் காட்டினால் போதும் என்று வசதி வந்தது. கொழுந்து பறித்து ரேகை தேய்ந்த விரலுக்கு அது பெரிய வரம். கேரளத்தில் நலப் பென்ஷன் 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய்; வேண்டுமென்றால் கூட்டுறவு சங்க ஆள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். படுக்கையில் இருப்பவர்களுக்கு மஸ்டரிங்கூட வீட்டில் வந்து செய்கிறார்கள். இதெல்லாம் உரிமை. தயவு இல்லை. தெரிந்து கேட்பவர்கள்தான் குறைவு.

ஆனால் நம் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. அப்பா கணக்கில் யார் போன் நம்பர்? பாதி வீட்டில் மகனுடைய வெளிநாட்டு நம்பர். ஊரில் பதினொரு மணிக்கு அவர் ஏதாவது செய்தால் ஓ.டி.பி. இங்கே ஒன்றரை மணிக்கு மீட்டிங்கில் இருப்பவன் பையில் அடிக்கிறது. அவருடைய பணத்துக்கு அவர் நம்மிடம் அனுமதி வாங்க வேண்டிய நிலை. பாதுகாப்பு என்று சொல்லி மரியாதையைப் பிடுங்கிவிடுகிறோம். நம்பரை மாற்றிக் கொடுங்கள், யாருக்கும் ஓ.டி.பி. சொல்லக்கூடாது என்பதையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

நான் கேட்பது

1. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரி, சிவில் ஸ்டேஷன், சந்தை வரை 200 மீட்டருக்கு ஒரு பெஞ்சு, மேலே நிழல். முதுகு சாய இடமும் எழுந்திருக்கக் கைப்பிடியும் இருக்க வேண்டும்.

2. அந்த வழியில் படியில்லாத, பூட்டில்லாத கழிப்பறை.

3. மெதுவாக நடப்பவரைக் கணக்கில் வைத்த சிக்னல்.

4. எல்லைப் பகுதி ஆஸ்பத்திரிகளில் தமிழிலும் போர்டு, மாத்திரைக் கவரில் சூரியன், நிலா.

5. எஸ்டேட்டில் ஓய்வு பெறுகிறவருக்கு அந்த மலையிலேயே ஒரு வீடு.

முதல் நாலுக்கும் கோடிகள் வேண்டாம். ஐந்தாவதற்கு அரசாங்கமும் கம்பெனிகளும் மனசு வைக்க வேண்டும்.

கேரளத்தால் இது முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. 1993-ல் கோழிக்கோட்டில் சின்னதாக ஆரம்பித்த வலிநிவாரண சேவை, 2008-ல் மாநிலக் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்து நர்ஸ் படுக்கையில் கிடப்பவரைத் தேடி வீட்டுக்கு வருகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. படுத்தவரைத் தேடி வரும் ஊர், படுப்பதற்கு முன்னால் இன்னும் பத்து வருஷம் அவர் நடமாடட்டும் என்று நினைக்கக் கூடாதா?

2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்து புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். கையில் ஐந்து வருஷம் இருக்கிறது. கிராமசபையும் வார்டு சபையும் இருக்கின்றன. வயசானவர்களுக்கான தனி கிராமசபையும் பல இடங்களில் கூட்டுகிறார்கள். அடுத்த முறை லீவுக்குப் போகும்போது, கல்யாணம், கோயில், துணிக்கடை என்ற பட்டியலில் இதையும் ஒன்றாகச் சேருங்கள். வயசானவர்களை முன்னால் உட்கார வைத்து அவர்களே பேசட்டும். நாம் பின்னால் நின்றால் போதும். திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்து பெயர் பொறிக்கும் பழக்கம் நமக்கு உண்டே, அந்தப் பெயரை ஒரு வருஷம் பெஞ்சில் பொறியுங்கள். யாராவது ஒரு அம்மிணி மூச்சு வாங்க அதில் உட்காருவார்.

இன்னும் ஒரு இருபது வருஷத்தில் நாமும் திரும்பிப் போகத்தான் ஆசைப்படுவோம். அப்போது அந்த ரோட்டைக் கடக்க நமக்கும் பன்னிரண்டரை விநாடி வேண்டியிருக்கும்.