விளக்கு பித்தளைதானா? தண்ணீரில் நிறுத்துப் பாருங்கள்

கோரிமேட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவர்களில் பலர் இன்று அரிசி, பருப்போடு நிற்பதில்லை. கற்பூரமும் திரியும் வாங்க வருபவர் கேட்கிறார் என்று குத்துவிளக்கு, காமாட்சி விளக்கு, மணி, தூபக்கால் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறோம். அரிசியைக் கையில் அள்ளியே ரகம் சொல்லும் நாம், பித்தளை என்று பில்லோடு வருவதை மட்டும் நிறத்தைப் பார்த்து இறக்கிக்கொள்கிறோம். இது சரியல்ல.

இரும்பின் மேலும் துத்தநாக வார்ப்பின் மேலும் பித்தளை நிறத்தில் முலாம் பூசிய சாமான் சந்தையில் உண்டு. முலாம் என்று சொல்லி விற்றால் குற்றமில்லை. பித்தளை விலைக்கு விற்றால்தான் வம்பு. வாங்கிப் போன அம்மாள் ஐந்தாறு வருடம் கழித்துப் பழைய பாத்திரக் கடையில் போடும்போது இரும்பு விலை சொல்வார்கள். அப்போது அவர் திட்டுவது எங்கோ இருக்கும் பட்டறைக்காரரையா? நம்மைத்தான்.

சோதிக்க உரைகல் வேண்டாம், அமிலம் வேண்டாம். ஆர்க்கிமிடீஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன் கண்ட தத்துவமும் நம் எலக்ட்ரானிக் தராசும் போதும். முதலில் விளக்கின் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாளித் தண்ணீரைத் தராசில் வைத்து, டேர் அழுத்திப் பூஜ்யமாக்குங்கள். விளக்கை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்கிப் பிடியுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன சென்டிமீட்டர் அந்த விளக்கு. எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும்.

பித்தளை 8.4 முதல் 8.7 வரை வரும். எஃகு 7.8, வார்ப்பிரும்பு 7.2, துத்தநாகம் 7.1, அலுமினியம் 2.7. 1,700 கிராம் பித்தளை விளக்கு தண்ணீரில் 200 கிராம் சுமார் காட்ட வேண்டும். 235 காட்டினால் சரக்கு அனுப்பியவரைக் கேளுங்கள். இரும்பா, துத்தநாகமா என்பதைக் காந்தம் சொல்லிவிடும்.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு போன்றவற்றைத் திருகிக் கழற்றித் தனித்தனியாக முக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினாலும், அடியில் மெழுகோ சிமெண்டோ அடைத்திருந்தாலும் கணக்கு தப்பும். 5 கிராம் 5 கிராமாக ஏறும் தராசில் குங்குமச் சிமிழைச் சோதிப்பது வீண் வேலை. அதற்கு நகைக்கடைத் தராசு வேண்டும்.

எண் ஒத்துப்போனால் மட்டும் சரக்கு சுத்தம் என்றும் ஆகிவிடாது. வெள்ளி 10.5. செம்போடு ஈயத்தைச் சேர்த்து அதே எண்ணை வரவழைக்க முடியும். தங்கமும் 19.3, டங்ஸ்டனும் 19.3. ஆனால் எண் ஒத்துப்போகவில்லை என்றால் அது சொன்ன சரக்கு அல்ல.

தங்க நகைக்கு 2021 முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. பித்தளை விளக்குக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "விலை மலிவாக இருந்தால் போதும், யார் கேட்கிறார்கள்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். மலிவானதும் விற்கட்டும், தனித் தட்டில், முலாம் என்று எழுதி வைத்து. மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. பில்லில் உலோகத்தின் பெயரை எழுதித் தருவோம், எழுதாவிட்டால் சரக்கைத் திருப்பி அனுப்புங்கள். சங்க அலுவலகத்தில் நுண்ணிய தராசு ஒன்றும் வாளி ஒன்றும் வைக்க அடுத்த கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவரலாம்.