தராசுத் தட்டில் ஒரு சரித்திரம்

ஒரு சமூகத்தின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று. ஏடெழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்ட மக்கள் தம் வரலாற்றைப் பாட்டிலும் பழமொழியிலும், பாத்திரத்திலும் அணிகலனிலும் விட்டுச் செல்வர். மலையகத்தில் பாட்டைத் திரட்ட அறிஞர் சிலர் முன்வந்தனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அவ்வாறு பிழைத்துக்கொண்டவையே. பாத்திரத்துக்கும் அணிகலனுக்கும் அத்தகைய பேறு வாய்க்கவில்லை. அவற்றைத் திரட்டுபவர் ஒருவரே உளர். அவர் பழைய இரும்பு வாங்குபவர்.

அட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் பழைய உலோகம் வந்து குவியும் கடைகள் உள்ளன. தேய்ந்த கவ்வாத்துக் கத்தி, நெளிந்த பித்தளைச் செம்பு, ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரம், தொழிற்சாலை கழித்துவிட்ட இயந்திரத் துண்டு என யாவும் ஒரே சாக்கில் அங்கு வந்து சேர்கின்றன. அந்தச் சாக்கைக் கவிழ்க்கும்போது, அடியிலிருந்து கறுத்துப்போன வட்டத் தகடொன்று உருண்டோடுதல் உண்டு. துடைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் விக்டோரியா அரசியின் முகம். மறுபக்கம் ‘இந்தியா’ என்ற பெயரும் ஓர் ஆண்டும். பார்த்தவர் அதனை ‘வெளிநாட்டு வெள்ளிக் காசு’ என்பர். எடுத்தவருக்கு அன்று யோகம் என்பர். அந்த யோகம் யாருடைய இழப்பு என்று கேட்பார் இல்லை.

முதலாவதாக, அக்காசினை ‘வெளிநாட்டுக் காசு’ என்பதே பிழை. 1872ஆம் ஆண்டில் இலங்கை பவுண், சிலிங், பென்ஸ் என்ற கணக்கைக் கைவிட்டு, ரூபாவையும் சதத்தையும் ஏற்றது. அந்த ரூபா இந்தியாவில் அடிக்கப்பட்ட வெள்ளி ரூபாவே. இலங்கை அரசு வரியை அதிலே வாங்கிற்று. சம்பளத்தை அதிலே கொடுத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கைக்கென வெள்ளி ரூபா அடிக்கப்படவேயில்லை. 1892 முதல் 10, 25, 50 சத வெள்ளி நாணயங்கள் அடிக்கப்பட்டனவேயன்றி, முழு ரூபாவுக்கு இத்தீவு இந்திய நாணயத்தையே நம்பியிருந்தது. காலப்போக்கில் தாட்பணம் பரவிய பின்னரும், 1950இல் மத்திய வங்கி தோன்றும் வரை இலங்கை ரூபா இந்திய ரூபாவுடன் பிணைந்தே இருந்தது. எனவே தோட்டத்து லயத்தில் கிடந்த வெள்ளி ரூபா இந்நாட்டின் சொந்தப் பணம். கடல் கடந்து வந்து இந்நாட்டின் பணமாகிய அக்காசினை எவரும் அந்நியம் என்று ஒதுக்கவில்லை. அதே கடலைக் கடந்து வந்து, அக்காசினை உழைத்துப் பெற்ற மக்களின் வழித்தோன்றல்களையோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் செல்லாக் காசுகளாக்கிற்று. அம்மக்களின் குடியுரிமைச் சிக்கலைச் சட்டத்தால் தீர்க்க 2003ஆம் ஆண்டு வரை செல்லவேண்டியிருந்தது. காசுக்குக் கிடைத்த ஏற்பு மனிதருக்குக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று என்பது வெறும் சொல்லலங்காரமன்று. சட்டப் புத்தகம் கூறும் உண்மை.

இரண்டாவதாக, அக்காசு வெறும் பணமுமன்று. ஒரு பொருளாதார முறைக்குச் சாட்சி. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 சிலிங் பெறுமதியுடைய ரூபா, உலகச் சந்தையில் வெள்ளியின் விலை வீழ்ந்தமையால், 1890களின் நடுப்பகுதியில் 1 சிலிங் 1 பென்ஸ் அளவுக்கு இறங்கிற்று. இந்திய அரசு 1893இல் தன் நாணயசாலைகளை மூடி, வெள்ளி கொண்டுவருவோர்க்கெல்லாம் ரூபா அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது இந்த வீழ்ச்சியினாலேயே. தேயிலை இலண்டனில் பொன்னை அடிப்படையாகக் கொண்ட பவுணுக்கு விற்கப்பட்டது; கொழுந்து பறித்தவளுக்குக் கூலி வெள்ளியிற் கொடுக்கப்பட்டது. விற்பனைப் பணம் பொன்னாகவும் செலவு வெள்ளியாகவும் இருந்த அக்காலத்தில், வெள்ளியின் வீழ்ச்சி தோட்ட முதலாளிக்கு இலாபமாயிற்று. கூலியோ அவ்வீழ்ச்சிக்கு ஈடாக உயரவில்லை. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த கதையைக் கூறுவோர் இலைநோயையும் ஜேம்ஸ் டெயிலரின் முயற்சியையும் மறவாது கூறுவர். கூலியாகக் கொடுத்த காசின் மதிப்பு வீழ்ந்ததைக் கூறுவோர் அரியர். அதனைக் கூறவேண்டிய சாட்சியே இன்று தராசுத் தட்டில் கிடக்கின்றது.

அக்காசு எவ்வாறு சேமிக்கப்பட்டது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின்கீழ், 1929இல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் எனக் கூலி வகுக்கப்பட்டது. ஆகவே ஒரு பெண் முழுதாக ஒரு ரூபாவைக் காண, அரிசிக்கும் பிற கடனுக்கும் எதுவுமே கழிக்கப்படாவிடினும், இரண்டு நாளுக்கு மேல் மழையிலும் அட்டைக்கடியிலும் நிற்கவேண்டும். அரிசிக் கணக்கும் கங்காணியின் பற்றும் கழிந்தபின் கையில் மிஞ்சியது எவ்வளவு என்பதைச் சொல்லவேண்டியதில்லை. அவ்வாறு மிஞ்சிய காசினை வங்கியிலிட அவளுக்கு வழியில்லை. நிலம் வாங்க வசதியில்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஆகவே வெள்ளி ரூபாவுக்குக் காதுவைத்து, கயிற்றிற் கோத்துக் கழுத்திலிட்டாள். கழுத்தே அவளுக்கு வங்கி.

இங்கேதான் சேகரிப்போரின் நேர்மையை ஐயுறவேண்டியுள்ளது. ‘உருக்கப்படவிருந்த காசினை விலைகொடுத்து மீட்பவர் எவர்? சேகரிப்பாளர் அல்லவா?’ என வினவுவர் சிலர். பாதி உண்மை. சேகரிப்பாளர் காசினைக் காப்பாற்றுகின்றனர். அதன் கதையைக் கைவிடுகின்றனர். எத்தோட்டத்தில், எவர் வீட்டில், எப்பொருளோடு சேர்ந்து கிடைத்தது என்ற குறிப்பு அவர்களின் பெட்டிக்குட் செல்வதில்லை. அதனினும் கொடியது மற்றொன்று. நாணயச் சந்தையிலே காதுவைத்து ஒட்டிய வடு உள்ள காசு பழுதுபட்ட காசு, விலை குறைந்தது. வடுவில்லாத காசு எங்கோ ஒரு பெட்டகத்திற் கிடந்தது. வடுவுள்ள காசோ ஒரு தொழிலாளியின் மார்பிற் கிடந்தது. அது எவர் வாழ்வில் இடம்பெற்றது என்பதற்குக் காசிலேயே உள்ள ஒரே சான்று அந்த வடு. அச்சான்றினையே பழுது எனக் கணிக்கும் அளவுகோல் யாருடைய அளவுகோல்?

‘பசித்தவளுக்கு வரலாறு சோறிடுமா? அவள் விற்கட்டும்’ என்பது அடுத்த வாதம். விற்கட்டும், எவரும் தடுக்கவில்லை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் உப்புக்கும் மாவுக்கும் தவித்த குடும்பத்திடம் பழம்பொருளின் பெருமையைப் பேசுதல் இரக்கமற்ற செயல். ஆயினும் விற்பவள் தான் விற்பது இன்னதென்று அறிந்து விற்கவேண்டாமா? பழைய வெள்ளி ரூபாவின் நிறை 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் அடிக்கப்பட்ட ரூபாவில் பாதியே வெள்ளி. 1947இல் வந்ததோ நிக்கல். 1939 எனப் பொறித்த ரூபா மிக அரிதென நாணயவியலாளர் போற்றுவது. இவ்வளவையும் ஓர் ஆண்டெண்ணைக் கொண்டே அறியலாம். இதனை வாங்குபவர் அறிவார், விற்பவள் அறியாள். பழைய உலோகத்தோடு உலோகமாகக் காசு நிறுக்கப்படும்போது அவள் இழப்பது மும்மடங்கு: நாணயத்தின் விலை, வெள்ளியின் விலை, பாட்டியின் நினைவு. முதலிரண்டையும் அவளுக்குப் பெற்றுக்கொடுக்க முயலாதவர், பசியைக் காட்டி மூன்றாவதையும் விட்டுவிடச் சொல்வது நியாயமாகாது.

‘இவையெல்லாம் தொல்பொருள்களா?’ என்பது மூன்றாவது வாதம். சட்டத்தின் பக்கம் நின்று கேட்கப்படுவதால் இதுவே வலியது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொல்பொருளை வரையறுத்தபோது, 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளை எல்லையாக இட்டது. அது கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்ட நாள். மலைநாட்டிற் கோப்பித் தோட்டம் தோன்றியதும், அதற்கெனத் தென்னிந்தியத் தொழிலாளர் வந்ததும் 1820களில். எனவே மலையக மக்களின் வரலாறு முழுவதும் அந்த எல்லைக்கோட்டுக்கு இப்பால் விழுகின்றது. அவர்களின் காசும் காப்பும், கப்பலேறி வந்தோரின் கழுத்திற் கட்டப்பட்ட எண் பொறித்த தகரத் துண்டும், கோப்பி ஆலைகள் வழங்கிய செம்பு வில்லையும், எத்தனை நூற்றாண்டு கழிந்தாலும் அவ்வரையறைப்படி தொல்பொருளாகா. சட்டமியற்றியோர் இம்மக்களைக் கருதியே அந்நாளைத் தெரிந்தனர் என்று கூறுவதற்கில்லை. கருதாமல் விட்டதே குறை. இந்தியா 1972இல் இயற்றிய சட்டம் நூறு ஆண்டு நிறைந்த பொருளைத் தொல்பொருள் என்கிறது. அங்கே எல்லைக்கோடு காலத்தோடு நகர்கின்றது. இங்கே நகராத கோடு, நகர்ந்து வந்த மக்களை வெளியே நிறுத்துகின்றது. இவ்வரையறை திருத்தப்படவேண்டும் என்று கேட்பது மலையக அரசியலாளரின் கடமையன்றோ? சம்பளத்துக்கும் வீட்டுக்கும் குரல் கொடுத்த தொழிற்சங்கங்கள், வரலாற்றுக்கும் ஒருமுறை குரல் கொடுத்தால் என்ன?

இருப்பினும் குற்றம் அனைத்தையும் சட்டத்தின்மீது சுமத்துதல் எளிது. உயர்கல்வி பெற்ற மலையக இளைஞருக்கும் அதிற் பங்குண்டு. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், குடும்பம் குடும்பமாகக் கோச்சியேறித் தலைமன்னார் சென்றவர்கள் கொண்டுசெல்ல இயலாதவற்றை விற்றுவிட்டுச் சென்றனர். அக்காலத்தில் எவை விற்கப்பட்டன, எவர் வாங்கினர் என்பதற்கு ஒழுங்கான பட்டியல் கிடையாது. அன்று எழுதப் படித்தோர் சிலரே. இன்று அவ்வாறன்று. பட்டம் பெற்றோர் தோட்டந்தோறும் உளர். அவர்களிற் பலர் உரோம நாணயம் மன்னார்க் கரையிற் கிடைத்த செய்தியைப் பரீட்சைக்கு மனனம் செய்வர். தம் பாட்டியின் தகரப்பெட்டியிற் கிடக்கும் காசின் ஆண்டினைப் படித்துப் பார்த்திரார். ஹந்தானைத் தேயிலை நூதனசாலையில் துரைமார் காலத்து இயந்திரங்கள் எண்ணெய் பூசிக் காக்கப்படுகின்றன. இயந்திரத்தை இயக்கியவரின் உடைமை காக்கப்படவேண்டுமாயின், அவர் பேரப்பிள்ளைகளே முயலவேண்டும்.

செய்யவேண்டியது பெரும் பணிபோல் தோன்றலாம். உண்மையில் எளியது. இங்கிலாந்தில் 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுக்கும் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் திட்டமொன்று நடைபெற்று வருகின்றது. பொதுவாகப் பொருள் கண்டெடுத்தவரிடமே இருக்கும். பதிவு மட்டும் எல்லார்க்கும் உரியதாகும். அதே வழியை மலையகத்திலும் பின்பற்றலாம். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடும் சிறு தராசும் கொண்டு செல்லட்டும். காசின் ஆண்டு, நிறை, காதுவைத்த வடு, தோட்டத்தின் பெயர், அதனை அணிந்தவர் கூறும் கதை ஆகிய ஐந்தையும் எழுதிக்கொள்ளட்டும். இரு பக்கத்தையும் படம் எடுக்கட்டும். வெள்ளியின் அன்றைய விலையை வீட்டாருக்குச் சொல்லட்டும். காசினைக் கேட்கவேண்டாம், அது அவர்களுடையது. பழைய இரும்புக் கடைக்காரரையும் பகைக்கவேண்டாம். அவரும் வயிற்றுக்காகவே சாக்கினைத் தூக்குகிறார். உருக்குமுன் ஒருமுறை பார்க்க விடுமாறு கேட்டால் மறுக்கமாட்டார். திரட்டிய பதிவுகளைப் பல்கலைக்கழக நூலகத்திலும், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணும் நூலக நிறுவனத்திடமும் ஒப்படைத்தால், அவை அடுத்த தலைமுறைக்கு எஞ்சும்.

காசினை உருக்கினால் வெள்ளி அழிவதில்லை; அது கொலுசாகவோ கிண்ணமாகவோ மீண்டும் பிறக்கும். அழிவது அதன்மேலிருந்த ஆண்டும், அதன் தலையிலிருந்த வடுவும். அவ்விரண்டும் கரைந்தபின், ‘இம்மக்கள் இந்நாட்டுப் பணத்தை இந்நாட்டில் உழைத்துச் சேமித்தவர்கள்’ என்று கூற, வாய்ச்சொல்லன்றி வேறு சான்று அவ்வீட்டில் இராது. வாய்ச்சொல்லை ஏற்காத நாடு எது என்பதை 1948இலேயே மலையகம் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை மறவாதவர், அடுத்த சாக்குத் தராசில் ஏறுமுன் அதனை ஒருமுறை அவிழ்த்துப் பார்ப்பாராக.